சுமை தாங்கும் சில்லு: குறைவீழ்ச்சிச் சீராக்கியின் வரலாறும் போலாரத்தைச் சூழ்ந்த நிலமும்

செகந்திராபாத்துக்கு வடக்கே அமைந்த போலாரம் வரலாற்று நூல்களில் பெரும்பாலும் ஒரு படைவீட்டு ஊராகவே இடம்பெறுகிறது. நிஜாமின் செலவிலும் பிரிட்டிஷ் அதிகாரிகளின் தலைமையிலும் இயங்கிய ஐதராபாத் கண்டின்ஜென்ட் படை 19ஆம் நூற்றாண்டில் இங்கே நிலைகொண்டிருந்தது. 1860இல் எழுந்த ரெசிடென்சி மாளிகை இன்று ராஷ்டிரபதி நிலையம் என்ற பெயரில் குடியரசுத் தலைவரின் தென்னிந்திய உறைவிடமாக விளங்குகிறது. போலாரத்தின் வரலாறு பெரும்பாலோருக்கு இவ்விரு செய்திகளோடு முடிந்துவிடுகிறது.

20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இவ்வூரைச் சூழ்ந்த நிலப்பரப்பு வேறொரு வரலாற்றின் களமாயிற்று. தென்கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில் இந்திய மின்னணுக் கழகம், அதாவது ஈ.சி.ஐ.எல்., 1967 ஏப்ரலில் தோன்றியது. அதை வழிநடத்திய ஐயகாரி சாம்பசிவ ராவின் பெயரால் ஏ.எஸ். ராவ் நகர் என்ற குடியிருப்பே இன்று அங்கு உள்ளது. நகரின் தென்பகுதியில் பாதுகாப்பு ஆய்வுக்கூடங்கள் வளர்ந்தன. பிட்ஸ் பிலானியின் ஐதராபாத் வளாகம் 2008இல் போலாரத்துக்கு அருகிலுள்ள ஜவகர் நகரில் தொடங்கப்பட்டது. கணினி, தொலைக்காட்சி, வாக்குப்பதிவு இயந்திரம், ஏவுகணை என இந்நிலப்பரப்பில் உருவான கருவிகளின் பட்டியல் நீளமானது. அவை அனைத்துக்கும் பொதுவான உறுப்பொன்று உண்டு. அது மின்னழுத்தச் சீராக்கி. பெயர்ப்பலகையில் அது இடம்பெறுவதில்லை. அது தடுமாறினாலோ, மேலே அடுக்கிய எந்தக் கருவியும் இயங்காது.

அச்சீராக்கிகளுள் எல்.டி.ஓ. எனப்படும் குறைவீழ்ச்சிச் சீராக்கியின் வரலாறு இரு காரணங்களால் கவனத்துக்குரியது. ஒன்று, உறுதியும் விரைவும் ஒன்றையொன்று எதிர்க்கும் பழைய சிக்கலை அது மிகச் சிறிய பரப்பில் நிகழ்த்திக் காட்டுகிறது. மற்றொன்று, ஒரு நாட்டின் தற்சார்பு எத்தனை சிறிய பொருளில் தொக்கி நிற்கக்கூடும் என்பதை அது உணர்த்துகிறது.

*

தமிழ்நாட்டு வீடுகளுக்கு ‘ஸ்டெபிலைசர்’ அந்நியமான சொல் அன்று. மாலை நேரத்தில் ‘லோ வோல்டேஜ்’ வந்து மின்விளக்கு மங்கிய காலங்களில், குளிர்பதனப் பெட்டியையும் தொலைக்காட்சியையும் காத்தது அந்தப் பெட்டியே. மின்னழுத்தம் குறையும்போது உள்ளிருக்கும் ரிலே ‘டக்’கென்று ஒலித்து, மின்மாற்றியின் அடுத்த இணைப்புக்குத் தாவும். அந்தத் தாவலுக்குச் சில மில்லி நொடிகள் ஆகும்; குளிர்பதனப் பெட்டிக்கு அது ஒரு பொருட்டன்று.

சில்லுக்குள் இருக்கும் செயலி அவ்வளவு பொறுமையுடையதன்று. உறக்க நிலையில் சில மைக்ரோ ஆம்பியர் மட்டும் எடுத்துக்கொண்டிருக்கும் அது, விழித்தெழுந்த கணத்தில் நூறு மில்லி ஆம்பியரைக் கேட்கும். அக்கணத்தில் மின்னழுத்தம் எல்லைக்குக் கீழே சரிந்தால் நினைவகத்தில் உள்ள தகவல் பிழைபடலாம்; செயலி தானாகவே மறுதொடக்கம் கொள்ளலாம். ஆகவே சீராக்கி இரு வினாக்களுக்கு ஒரே நேரத்தில் விடையளிக்க வேண்டும். சுமை மாறும்போது எவ்வளவு விரைவில் அது திருத்தம் செய்கிறது? திருத்தியபின் ஆடாமல் நிற்கிறதா?

இவ்விரு வினாக்களும் மின்னணுவியலினும் மூத்தவை. 1788இல் ஜேம்ஸ் வாட் நீராவி இயந்திரத்துக்குச் சுழல்குண்டு ஆளியைப் பொருத்தினார். வேகம் கூடினால் குண்டுகள் விரிந்து நீராவியைக் குறைக்கும். வேகம் குறைந்தால் அவை சுருங்கி நீராவியைக் கூட்டும். ஆளிகளைக் கூர்மையாக்கக் கூர்மையாக்கச் சில இயந்திரங்கள் நிலைகொள்ளாமல் விரைவதும் தளர்வதுமாக ஊசலாடின. இதன் காரணத்தைக் கணித வழியில் ஆராய்ந்து ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் 1868இல் ஆளிகளைப் பற்றிய தம் கட்டுரையை வெளியிட்டார். திருத்தம் தாமதமாக வந்து சேர்ந்தால், அது பிழையைக் குறைப்பதற்கு மாறாகப் பெருக்கிவிடும் என்பதே அச்சிக்கலின் சாரம்.

1927இல் ஹெரால்ட் பிளாக் எதிர்ப் பின்னூட்டப் பெருக்கியைக் கண்டறிந்தார். 1932இல் ஹாரி நைக்விஸ்ட் அத்தகைய பெருக்கி எப்போது நிலைகொள்ளும், எப்போது அலையும் என்பதற்கு விதி வகுத்தார். இருவரும் பெல் ஆய்வுக்கூடத்தினர். தொலைபேசிக் குரலைக் கண்டங்களுக்கு அப்பால் கொண்டுசெல்லும் பணியில் இருந்தவர்கள். அவர்கள் வகுத்த நெறியே இன்றைய சீராக்கிச் சில்லின் அடித்தளம்.

*

ஈ.சி.ஐ.எல். தோன்றிய அதே காலத்தில், கலிஃபோர்னியாவில் நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்தின் பொறியாளர் பாப் விட்லர் சீராக்கி முழுவதையும் ஒரே சில்லில் அடக்கும் முயற்சியில் வெற்றி கண்டிருந்தார். எல்.எம். 100 அதன் முதல் வடிவம். அடுத்து வந்த எல்.எம். 109 மூன்றே கால்களைக் கொண்டது: மின்சாரம் நுழைவதற்கு ஒன்று, வெளியேறுவதற்கு ஒன்று, தரைக்கு ஒன்று. வெப்பநிலை மாறினாலும் மாறாத ஒப்பீட்டு மின்னழுத்தத்தைச் சிலிக்கானின் இயல்பிலிருந்தே பெறும் முறையை விட்லர் 1971இல் விளக்கி எழுதினார். ஃபேர்சைல்ட் நிறுவனம் வெளியிட்ட 7800 வரிசை அம்மூன்று கால் வடிவத்தை உலகமெங்கும் பரப்பியது. அவ்வரிசையின் 7805ஐத் தொடாத பாலிடெக்னிக் மாணவர் தமிழ்நாட்டில் அரிதாகவே இருப்பார்.

7805க்கு ஒரு விலை இருந்தது. 5 வோல்ட் தருவதற்கு உள்ளே ஏறத்தாழ 7 வோல்ட்டாவது வர வேண்டும். இடையிலுள்ள 2 வோல்ட் வெப்பமாகக் கழியும். ஓர் ஆம்பியர் ஓடினால் 2 வாட். உள்ளே வரும் ஆற்றலில் சுமைக்குச் சேர்வது, மிக நல்ல நிலையிலும், ஏழில் ஐந்து பங்குதான். சுவரிலிருந்து மின்சாரம் எடுக்கும் கருவிக்கு இது பொறுக்கத்தக்கது. மின்கலத்தில் ஓடும் கருவிக்கோ, மின்கலத்தின் ஆயுளில் ஒரு பகுதியை எடுத்து எறிவதற்கு ஒப்பானது.

மாற்றத்துக்கான முதல் வலுவான உந்துதல்களுள் ஒன்று மோட்டார் வாகனத்திலிருந்து வந்தது. குளிர்காலக் காலையில் இயந்திரத்தை முடுக்கும்போது 12 வோல்ட் மின்கலம் ஏறத்தாழ 6 வோல்ட்டுக்கு வீழ்வதுண்டு. அப்போதும் வாகனத்தின் மின்னணுச் சுற்றுக்கு 5 வோல்ட் தடையின்றிக் கிடைக்க வேண்டும். இதற்காக, மின்னோட்டத்தைக் கடத்தும் டிரான்சிஸ்டரைத் தலைகீழாக்கும் வழி கையாளப்பட்டது. என்.பி.என். வகையின் இடத்தில் பி.என்.பி. வகை அமர்ந்தது, பின்னாளில் பி வகை மாஸ்ஃபெட் வந்தது. உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் இடையே தேவைப்பட்ட வேறுபாடு ஒரு வோல்ட்டின் சில பத்தில் பங்குகளாகக் குறைந்தது. ‘குறைவீழ்ச்சி’ என்ற பெயர் இதனால் வந்ததே.

*

ஒரு டிரான்சிஸ்டரைத் திருப்பி வைத்ததில் ஓர் இயற்கைப் பாதுகாப்பு பறிபோயிற்று. பழைய அமைப்பில் டிரான்சிஸ்டரின் எமிட்டர் வெளியீட்டோடு இணைந்திருந்தது. வெளியீடு சரிந்தால், பெருக்கி ஆணையிடும் முன்பே அந்த டிரான்சிஸ்டர் தானாகக் கூடுதல் மின்னோட்டம் தரும். புதிய அமைப்பில் எமிட்டர் உள்ளீட்டின் பக்கம் போய்விட்டது. வெளியீடு சரிந்ததை அந்த டிரான்சிஸ்டர் தானே உணர்வதில்லை. பிழைப் பெருக்கி உணர்ந்து சொன்னால்தான் அதற்குத் தெரியும்.

இங்கே இரு தாமதங்கள் சேர்கின்றன. பெரிய கடத்து டிரான்சிஸ்டரின் வாயிலைப் பெருக்கி நிரப்பி வடிக்க வேண்டியிருப்பது ஒன்று. வெளியீட்டு மின்தேக்கியும் சுமையும் சேர்ந்து உண்டாக்குவது மற்றொன்று. ஒவ்வொன்றும் குறியலையை 90 பாகை வரை பின்தள்ள வல்லது. இரண்டும் கூடி 180 பாகையை எட்டுமிடத்தில் சுற்றுக்கு இன்னும் பெருக்கம் எஞ்சியிருந்தால், திருத்தமே பிழையை ஊட்டும், சீராக்கி அலைவியாகிவிடும். சுமை சில மைக்ரோ ஆம்பியரிலிருந்து நூறு மில்லி ஆம்பியருக்கு மாறும்போது இரண்டாம் தாமதமும் பல்லாயிரம் மடங்கு மாறுகிறது என்பது சிக்கலை மேலும் கூட்டியது. ஒரு சுமைக்கு உறுதியாக நின்ற வடிவமைப்பு, இன்னொரு சுமைக்கு ஆடத் தொடங்கும்.

முதல் தலைமுறைப் பொறியாளர்கள் இதற்குக் கண்ட தீர்வு வியப்புக்குரியது. எந்த மின்தேக்கியும் முழுத்தூய்மையானதன்று; அதனுள் சிறிய தொடர்மின்தடை ஒன்று உண்டு. குறைபாடாகக் கருதப்பட்ட அந்த உள்தடை, இழந்த பாகைகளுள் சிலவற்றைத் திருப்பித் தந்தது. ஆகவே வெளியீட்டு மின்தேக்கியின் உள்தடை இந்த அளவுக்குக் கீழும் செல்லக் கூடாது, அந்த அளவுக்கு மேலும் செல்லக் கூடாது என்று விவரத்தாள்கள் வரைபடம் போட்டு எச்சரித்தன. டான்டலம் மின்தேக்கி அந்த இடைவெளிக்குள் பொருந்தியது.

சில்லின் உறுதி இவ்வாறு சில்லுக்கு வெளியே, ஒரு கனிமத்தின் கையில் ஒப்படைக்கப்பட்டது. டான்டலத்தைத் தரும் கோல்டான் தாதுவின் முக்கிய இருப்பிடங்களுள் காங்கோவும் ஒன்று. 2000ஆம் ஆண்டையொட்டிக் கைப்பேசித் தொழில் பெருகியபோது அதன் விலை எகிறியது. காங்கோப் போரின் நிதியூற்றுகளுள் ஒன்றாகவும் அத்தாது பேசப்பட்டது. தொழிற்சாலைகள் விலை மலிந்த செராமிக் மின்தேக்கிக்கு மாறின. செராமிக்கின் உள்தடையோ சில மில்லி ஓம் மட்டுமே. உள்தடையை நம்பி வடிவமைக்கப்பட்ட பழைய சீராக்கிகளோடு அதை இணைத்தபோது அவை அலையத் தொடங்கின. பொருள் மேம்பட்டதாலேயே சுற்று கெட்டது என்பது மின்னணு வரலாற்றின் முரண்களுள் ஒன்று.

*

உறுதியைச் சில்லுக்குள்ளேயே தேடும் ஆய்வு இதற்கு இணையாக நடந்தது. 1983இல் பி. கே. அகுஜா சி-மாஸ் பெருக்கிகளுக்கான மேம்பட்ட ஈடுசெய் முறையொன்றை வெளியிட்டார். ஈடுசெய்யும் மின்தேக்கியின் மின்னோட்டத்தை இடையிலுள்ள ஒரு டிரான்சிஸ்டர் வழியாகத் திருப்பிச் செலுத்தும் அம்முறை, பின்வந்த எண்ணற்ற சீராக்கி வடிவமைப்புகளில் ஏதேனுமொரு வடிவில் காணப்படுகிறது. 1998இல் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தின் காப்ரியேல் ரின்கோன்-மோராவும் பிலிப் ஆலனும் மிகக் குறைந்த ஓய்வு மின்னோட்டத்தில் இயங்கும் எல்.டி.ஓ.வை விளக்கினர். 2003இல் ஹாங்காங்கைச் சேர்ந்த கா நாங் லியுங், பிலிப் மோக் இருவரும் வெளி மின்தேக்கியே இல்லாமல் உறுதிபெறும் வடிவத்தை முன்வைத்தனர்.

வெளி மின்தேக்கியைக் கைவிட்டதும் விரைவுச் சிக்கல் முன்னுக்கு வந்தது. மின்தேக்கி என்பது ஊர் ஏரியைப் போன்றது; வாய்க்கால் திறந்து நீர் வந்து சேரும்வரை வயலைக் காப்பது அதுவே. கணக்கு எளியது: மின்னோட்டத்தைக் காலத்தால் பெருக்கி, மின்தேக்கியின் அளவால் வகுத்தால் மின்னழுத்தச் சரிவு கிடைக்கும். 1 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியும், 1 மைக்ரோ நொடியில் விழிக்கும் சீராக்கியும் இருந்தால், 100 மில்லி ஆம்பியர் சுமைக்கு 100 மில்லி வோல்ட் சரியும். மின்தேக்கியை ஆயிரத்தில் ஒரு பங்காக்கினால், சீராக்கி ஆயிரம் மடங்கு விரைய வேண்டும்.

அந்த விரைவு எட்டக்கூடியதே என்று 2005இல் இன்டெல் ஆய்வாளர் பீட்டர் ஹசூகா குழுவினர் காட்டினர். 0.6 நானோ ஃபாரட் மின்தேக்கியை மட்டும் சில்லுக்குள் வைத்து, 100 மில்லி ஆம்பியர் சுமைத்தாவலில் சரிவை 90 மில்லி வோல்ட்டுக்குள் அடக்கினர். சீராக்கியின் மறுமொழிக் காலம் 0.54 நானோ நொடி. இதற்கும் விலை இருந்தது. சுமைக்குச் செல்லும் மின்னோட்டத்துக்கு மேல், சீராக்கி தன் விழிப்புக்கென்றே ஏறத்தாழ 6 விழுக்காட்டை எடுத்துக்கொண்டது. காவலாளி எப்போதும் விழித்திருக்க வேண்டுமாயின் அவனுக்கும் படி அளந்தாக வேண்டும்.

*

இந்தியாவின் பங்கு இவ்வரலாற்றில் எங்கே நிற்கிறது என்ற வினா போலாரத்தைச் சூழ்ந்த நிலத்துக்குத் திரும்பச் செய்கிறது. ஈ.சி.ஐ.எல். 1969இல் டி.டி.சி. 12 கணினியை உருவாக்கியது. சுற்றுகளை வகுத்துக் கருவியை முழுமையாகக் கட்டியெழுப்பும் ஆற்றல் நாட்டுக்கு வந்துவிட்டது என்பதை அது மெய்ப்பித்தது. கருவிக்குள் அமரும் சில்லுகளை வார்க்கும் ஆற்றல் வேறு. அது தாமதமாகவே வந்தது. மொகாலியில் செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் நிறுவனம் 1984இல் உற்பத்தியைத் தொடங்கியது. 1989 பிப்ரவரியில் அதைத் தீ அழித்தது. மீண்டும் எழுவதற்கு ஆண்டுகள் பல ஆயின. அந்த இடைவெளியில் உலகத் தொழில்நுட்பம் பல தலைமுறைகளைக் கடந்துவிட்டது.

அதே ஆண்டுகளில்தான் சில்லுகள் அரசியல் கருவியாகவும் மாறின. ராமேசுவரத்தில் பிறந்த ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் 1982இல் ஐதராபாத்தின் பாதுகாப்பு ஆய்வுக்கூடத்துக்குத் தலைமையேற்றார். அடுத்த ஆண்டு ஒருங்கிணைந்த ஏவுகணைத் திட்டம் தொடங்கியது. 1987இல் ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. 1989 மே மாதத்தில் அக்னி பறந்தது. 1992இல் கிரையோஜெனிக் எந்திர ஒப்பந்தத்தைக் காரணம் காட்டி அமெரிக்கா இஸ்ரோ மீது தடை விதித்தது. 1998 அணுகுண்டுச் சோதனைக்குப் பின் தடைப்பட்டியல் நீண்டது. எந்திரம் மறுக்கப்பட்டது தலைப்புச் செய்தியாயிற்று. உறுப்புகள் மறுக்கப்படுவதும், உரிமத்துக்காகக் காத்திருப்பதும், மாற்று தேடுவதும் கோப்புகளோடு நின்றுவிட்டன. கலாம் பின்னர் 2002 முதல் 2007 வரை குடியரசுத் தலைவராக இருந்தபோது, போலாரத்தின் ராஷ்டிரபதி நிலையமே அவருடைய தென்னக உறைவிடம்.

விண்ணுக்குச் செல்லும் சீராக்கிக்குக் கூடுதல் சோதனை ஒன்றும் உண்டு. கதிர்வீச்சின் ஒற்றைத் துகள் பாய்ந்தாலே வெளியீட்டில் திடீர் மேடு அல்லது பள்ளம் தோன்றலாம். சீராக்கி அதைச் சுமைத்தாவலைப் போலவே தாங்கி மீள வேண்டும். நெடுங்காலம் சேரும் கதிர்வீச்சு டிரான்சிஸ்டரின் பண்புகளை மெல்ல மாற்றும். சில இருமுனைச் சில்லுகள் வேகமாகப் பாயும் கதிர்வீச்சைவிட மெல்லப் பாயும் கதிர்வீச்சில் மிகுதியாகக் கெடுகின்றன என்பது 1990களின் தொடக்கத்தில் தெரியவந்தது. கடையில் கிடைக்கும் சில்லை எடுத்துப் பொருத்தி அனுப்புவது இதனால் இயலாத செயல். விண்வெளித் தரச் சில்லோ ஏற்றுமதி உரிமத்துக்கு உட்பட்டது.

மொகாலி ஆலை 2006இல் விண்வெளித் துறையின் கீழ் வந்து, செமிகண்டக்டர் ஆய்வகம் ஆயிற்று. 180 நானோமீட்டர் வரிசை அங்கே நிறுவப்பட்டது. ஏவூர்திகளின் விக்ரம் 1601 செயலியின் உள்நாட்டு வடிவம் 2016இல் பயன்பாட்டுக்கு வந்தது. 2025 மார்ச் 5 அன்று புது தில்லியில், மின்னணு அமைச்சகச் செயலர் எஸ். கிருஷ்ணன், குமரி மாவட்டத்தைச் சேர்ந்த இஸ்ரோ தலைவர் வி. நாராயணனிடம் 32 பிட் விக்ரம் 3201, கல்பனா 3201 செயலிகளின் முதல் உற்பத்தித் தொகுதியை ஒப்படைத்தார். அவ்விரு பெயர்களும் நாளிதழ்களில் பரவலாக இடம்பெற்றன.

அன்று வேறு நான்கு சில்லுகளும் கைமாறின: தகவல் சேகரிப்பு அமைப்பின் இரு வடிவங்கள், ரிலே இயக்கி ஒன்று, பல தடக் குறைவீழ்ச்சிச் சீராக்கி ஒன்று. பட்டியலின் கடைசியில் பெயரின்றி நின்ற அச்சீராக்கியே இக்கட்டுரையின் நாயகன். பல தடங்கள் என்பதன் பொருள், தனித்தனிச் சில்லுகள் செய்த பணியை ஒரே சில்லு ஏற்கிறது என்பது. ஏவூர்தியின் மின்னணுப் பெட்டிகள் சிறுக்க இது வழிசெய்கிறது. செயலி உள்நாட்டில் உருவாகி, அதற்கு உணவளிக்கும் சீராக்கி அயல்நாட்டு உரிமத்துக்குக் காத்திருந்தால், தற்சார்பு பாதியிலேயே நின்றிருக்கும்.

*

இந்த வெற்றியை மிகைப்படுத்துவதும் வரலாற்றுக்கு நேர்மையாகாது. ஏவூர்திகளுக்குத் தேவைப்படும் சில்லுகளின் எண்ணிக்கை சிறியது. கோடிக்கணக்கில் விற்கும் கைப்பேசி, மின்வாகனம், மின்மீட்டர் ஆகியவற்றுக்கான சீராக்கிகளின் சந்தை இன்னும் அயல்நாட்டு நிறுவனங்களின் கையில்தான் இருக்கிறது. 180 நானோமீட்டர் என்பது செயலிகளுக்குப் பழைய தலைமுறையாக இருக்கலாம். சீராக்கி போன்ற ஒப்புமைச் சுற்றுகளுக்கு அது இன்றும் தகுதியான களம். உலகின் அதிநுண் ஆலைகளோடு போட்டியிடாமலேயே இந்தியா கால் ஊன்றக்கூடிய இடம் இதுவென்பதை இவ்வரலாறு சுட்டுகிறது.

தடை பெரும்பாலும் கல்வியில் இருக்கிறது. 7805ஐப் பயன்படுத்தும் முறை ஒவ்வொரு பொறியியல் கல்லூரியிலும் கற்பிக்கப்படுகிறது. அதன் உள்ளிருக்கும் பின்னூட்டச் சுற்றை வகுத்து, வார்த்து, அளந்து பார்க்கும் வாய்ப்பு மிகச் சிலருக்கே கிடைக்கிறது. கணினித் திரையில் உறுதியாக நிற்கும் எல்.டி.ஓ., சிலிக்கானில் வந்தபின் அலைவதுண்டு. பொதியின் கம்பித் தூண்டல், பலகையின் தடை, மின்தேக்கி முதுமையுறுதல் ஆகியவை உருவகப்படுத்தலில் விடுபட்டிருக்கும். அந்தப் பாடத்தை அளவீட்டு மேசை மட்டுமே கற்பிக்கும். 2022இல் தொடங்கிய ‘சிப்ஸ் டு ஸ்டார்ட்அப்’ திட்டம் 85,000 வடிவமைப்பாளர்களை உருவாக்க இலக்கு கொண்டுள்ளது. கல்லூரி வடிவமைப்புகளை மொகாலியில் வார்த்துத் தரும் வழியும் திறந்துள்ளது. எண்ணிக்கையைவிட, அம்மாணவர்களுள் எத்தனை பேர் தம் சில்லைக் கையில் வாங்கி அலைவுகாட்டியில் பார்க்கிறார்கள் என்பதே முக்கியமான அளவுகோல்.

குறைவீழ்ச்சிச் சீராக்கியின் இவ்வரலாற்றில் ஒரு போக்கு மீண்டும் மீண்டும் தென்படுகிறது. ஒவ்வொரு தலைமுறையும் சுமையை அழிக்கவில்லை, வேறிடத்துக்கு மாற்றியது. வெப்பமாகக் கழிந்த சுமை, மின்தேக்கியின் உள்தடைக்கு மாறியது. அங்கிருந்து கனிமச் சந்தைக்கும், பிறகு சில்லின் உட்பரப்புக்கும், இறுதியில் வடிவமைப்பவரின் அறிவுக்கும் அது வந்து சேர்ந்தது. அறிவைக் கடனாகப் பெற்ற காலங்களில் கடன் கொடுத்தவரின் விருப்பப்படியே இந்நாட்டுக் கருவிகள் விழித்தன, உறங்கின. ஈ.சி.ஐ.எல். வளாகமும் ஆய்வுக்கூடங்களும் கல்லூரிகளும் சூழ்ந்த இந்த நிலப்பரப்பின் வரலாற்றை எழுதுவோர், ஏவுகணைகளின் பெயர்களோடு இத்தகைய பெயரற்ற உறுப்புகளின் கதையையும் பதிவுசெய்தால்தான் அவ்வரலாறு முழுமையுறும்.